போர்பந்தர் வீட்டில் அம்மா கேட்டது

காந்தி பிறந்த அறையில் நின்றுகொண்டு அம்மா கேட்ட முதல் கேள்வி: "அடுப்படி எங்கடி இருக்கு?"

அறைக்குள் எங்களோடு ஒரு பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கூட்டமும் இருந்தது. தரையில் ஸ்வஸ்திகம் போட்டிருக்கிறார்கள். அதுதான் 1869 அக்டோபர் 2ஆம் தேதி அவர் பிறந்த இடம். மேலே சுவரில் அவருடைய படம். பிள்ளைகள் வரிசையாக வந்து குனிந்து தரையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு போனார்கள். அம்மாவும் தொட்டுக் கும்பிட்டார். நிமிர்ந்ததும் கேட்டது அடுப்படியை.

நான் பதில் சொல்லவில்லை. தெரியாது. அத்தனை வருஷம் காந்தியைப் படித்திருக்கிறேன், அவர் அம்மா எங்கே சமைத்தார் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. அம்மாவுக்கு அது தெரியாமல் ஒரு வீடு வீடாகவே கண்ணில் படவில்லை.

தம்பி ராஜ்கோட்டில் வேலைக்குச் சேர்ந்து ஒரு வருஷம் ஆகிறது. "வாங்க வாங்க" என்று அவன் கூப்பிட்டுக்கொண்டே இருந்ததில், இந்த ஆவணியில் அம்மாவும் நானும் கிளம்பிப் போனோம். அங்கிருந்து போர்பந்தர் காரில் மூன்று மணி நேரத்துக்கு மேல். வழியெல்லாம் நிலக்கடலையும் பருத்தியுமாகத் தட்டையான பூமி. மழை விட்டு விட்டுப் பெய்தது. ஊர் நெருங்கும்போது காற்றில் கடல் வாடை வந்தது. "நம்ம சாயல்குடிக் காத்து மாதிரி இருக்கு" என்றார் அம்மா. அவர் பிறந்து வளர்ந்தது சாயல்குடிப் பக்கம் ஒரு கிராமத்தில். கடலும் உப்புத் தண்ணீரும் அவருக்குப் புதிதில்லை.

போர்பந்தருக்கு இன்னொரு பெயர் சுதாமாபுரி. சுதாமா என்றால் வேறு யாருமில்லை, நம்முடைய குசேலர். ஊர் நடுவில் அவருக்குக் கோயில் இருக்கிறது. ஒரு பிடி அவலைத் துணியில் முடிந்துகொண்டு துவாரகைக்கு நடந்துபோன அந்த ஏழைப் பிராமணனின் ஊர் இது என்று தம்பி சொன்னபோது, காந்தியைவிட அதுதான் அம்மாவுக்கு முதலில் மனசில் பதிந்தது. துவாரகை அங்கிருந்து கடற்கரையோடு வடமேற்கே நூறு கிலோமீட்டருக்குச் சற்று மேல். "நடந்தே போயிருக்காரு" என்று இரண்டு தடவை சொன்னார்.

காந்தி வீட்டுக்குப் போகிறவர்கள் முதலில் பார்ப்பது வீட்டை இல்லை, கீர்த்தி மந்திரை. வீட்டை ஒட்டி எழுப்பிய பெரிய நினைவுக் கட்டடம் அது. கிழக்கு ஆப்பிரிக்காவில் கரும்புத் தோட்டமும் சர்க்கரை ஆலையும் வைத்துப் பெரும் பணக்காரரான நான்ஜி காளிதாஸ் மேத்தா, காந்தி குடும்பத்தாரிடமிருந்து பழைய வீட்டை வாங்கி, பக்கத்தில் இதைக் கட்டினார். வீட்டை விற்க காந்தியே எழுத்தில் சம்மதம் கொடுத்திருக்கிறார். 1947இல் அடிக்கல் நாட்டினார்கள். 1950 மே 27ஆம் தேதி சர்தார் படேல் திறந்துவைத்தார். இரண்டுக்கும் நடுவில் காந்தி இல்லாமல் போய்விட்டார். உயரம் 79 அடி. அவர் சுடப்பட்டபோது 79ஆவது வயது நடந்துகொண்டிருந்தது, அந்தக் கணக்கு. கோயில், மசூதி, தேவாலயம், சமணக் கோயில், பௌத்த விகாரம், பார்சிக் கோயில் எல்லாவற்றின் சாயலும் கட்டட வேலைப்பாட்டில் கலந்திருக்கிறது. நடுவில் காந்தி, கஸ்தூர்பா இருவருடைய ஆளுயர ஓவியங்கள். காலடியில் சத்தியம், அகிம்சை என்ற இரண்டு சொற்கள். அவருக்கு நெருக்கமாக இருந்து உழைத்த மகாதேவ் தேசாய்க்கும் மகன்லால் காந்திக்கும் ஒவ்வொரு அறை.

சலவைக்கல் குளிர்ச்சியாக இருந்தது. பெரிய மனதோடு கட்டியிருக்கிறார்கள், குறை சொல்ல எனக்கு மனமில்லை. ஆனால் அங்கே நிற்கும்போது ஏதோ மண்டபத்தில் நிற்கிற மாதிரிதான் இருந்தது. பக்கவாட்டு வாசல் வழியாக வீட்டுக்குள் காலை வைத்ததும்தான் ஒரு மனிதர் பிறந்த இடத்துக்கு வந்திருக்கிறோம் என்று தோன்றியது.

வீடு மூன்று மாடி. 22 அறைகள். எண்ணிக்கையைக் கேட்டுவிட்டு அரண்மனை என்று நினைக்க வேண்டாம். எல்லாம் சின்னச் சின்ன அறைகள், தாழ்ந்த நிலைப்படிகள், மர உத்தரங்கள். மேலே ஏறுகிற படி ஏணியைப் போலச் செங்குத்து. அம்மா முதல் மாடியோடு நிறுத்திக்கொண்டார். போர்பந்தரைச் சுற்றி வெட்டி எடுக்கும் வெளிர் நிறச் சுண்ணாம்புக் கல்லில்தான் ஊரில் பழைய வீடுகள் எல்லாம் கட்டியிருக்கிறார்கள், இதுவும் அப்படியே. வெட்டும்போது மெத்தென்று இருக்குமாம், காற்றும் வெயிலும் பட்டுப் பட்டு இறுகுமாம். இருநூற்றைம்பது வருஷமாக இறுகிய சுவர்கள்.

1777இல் காந்தியின் கொள்ளுத் தாத்தா ஹர்ஜீவன் காந்தி இந்த வீட்டை ஊர்ப் பெண்மணி ஒருவரிடமிருந்து வாங்கினார். அப்போது சின்ன வீடு. குடும்பம் பெருகப் பெருக மேலே மாடியாக ஏற்றிக்கொண்டு போயிருக்கிறார்கள். தாத்தா உத்தம்சந்த், ஓதா காந்தி என்று ஊர் கூப்பிட்டது அவரைத்தான், போர்பந்தர் சமஸ்தானத்தின் திவான். அவருக்கு ஆறு பிள்ளைகள். பிள்ளைகள், மருமக்கள், பேரன் பேத்திகள் என்று எல்லோரும் இந்த ஒரு கூரையின் கீழ்தான். ஐந்தாவது பிள்ளை கரம்சந்த், காபா காந்தி. அவரும் திவானாக இருந்தவர். அந்தத் திவானின் பங்குக்கு வந்தது கீழ்த்தளத்தில் இரண்டு அறையும் ஒரு தாழ்வாரமும். பெரிய அறை கண்ணளவில் இருபதடி நீளம், பதின்மூன்றடி அகலம் இருக்கும். அதில்தான் பிள்ளை பெற்றார்கள், படுத்தார்கள், விருந்தாளியை உட்காரவைத்தார்கள்.

இந்த வீட்டின் மேல் பீரங்கி வைத்துச் சுட்ட கதை ஒன்று உண்டு. ஓதா காந்தி திவானாக இருந்த காலத்தில், ராஜா இறந்து, மகன் சின்னவன் என்பதால் ராணி ரூபாலிபா ஆட்சியைக் கவனித்துக்கொண்டார். பொக்கிஷத்தைப் பார்த்துக்கொண்ட நேர்மையான அதிகாரி ஒருவர் மேல் ராணிக்குக் கோபம். பிடித்துவரச் சொன்னார். அந்த மனிதர் திவான் வீட்டில் தஞ்சம் புகுந்தார். "விசாரித்துத் தண்டனை கொடுப்பதானால் அனுப்புகிறேன், இல்லாவிட்டால் இல்லை" என்ற நிலையில் ஓதா காந்தி நின்றார். ராணி படையை அனுப்பினார். குண்டு வீட்டில் பட்டது. குடும்பத்தோடு உள்ளே உட்கார்ந்திருந்தார் ஓதா காந்தி. வெள்ளைக்கார ஏஜென்ட் தலையிட்ட பிறகுதான் நின்றது. பின்னால் அவர் ஜூனாகத் போய் நவாபின் முன் நின்றபோது இடது கையால் சலாம் வைத்தாராம். ஏன் என்று கேட்டால், வலது கை ஏற்கெனவே போர்பந்தருக்குக் கொடுத்தாயிற்று என்றாராம். சலாம் கதையைக் காந்தியே தன் சுயசரிதையின் தொடக்கத்தில் எழுதியிருக்கிறார்.

தஞ்சம் என்று வந்தவனை விட்டுக்கொடுக்காத வாசல் அது. பேரனைப் புரிந்துகொள்ள இது எவ்வளவு தேவை! ஆனால் அன்றைக்கு எங்கள் பக்கத்தில் நின்ற கூட்டத்தில் யாருக்கும் இதை யாரும் சொல்லவில்லை. வழிகாட்டி ஒருவர் ஸ்வஸ்திகத்தைக் காட்டினார், படியைக் காட்டினார், அடுத்த கூட்டத்துக்காக வாசலுக்குப் போய்விட்டார். பிள்ளைகள் ஐந்து நிமிஷத்தில் வெளியே.

அறைகள் காலி. ஒரு கட்டில் இல்லை, தொட்டில் இல்லை, ஒரு செம்பு இல்லை. சுவர், மாடக்குழி, ஜன்னல், அவ்வளவுதான். இப்படிக் காலியாக விட்டது எனக்குப் பிடித்திருந்தது. எங்கிருந்தோ பழைய சாமான் கொண்டுவந்து போட்டு "இது அவர் உட்கார்ந்த நாற்காலி" என்று சொல்லாதது மரியாதை. அம்மாவுக்குத்தான் மனசு ஆறவில்லை. "இத்தன பேரு இருந்த வீடு. அடுப்படி தெரியல, அம்மி தெரியல. தண்ணிக்கு என்ன செஞ்சாங்க? கடக்கரை ஊரு, கெணத்துல உப்புத்தான ஊறும்?"

தம்பி போய் அங்கே நின்றிருந்த வயதான காவலாளியிடம் இந்தியில் கேட்டான். அவர் முகம் மலர்ந்துவிட்டது. எவ்வளவு பேர் அவரிடம் அதைக் கேட்டிருப்பார்களோ. எங்களை முற்றத்துக்குக் கூட்டிவந்து, காலால் தரையை மெல்லத் தட்டிக் காட்டினார். "டாங்க்கு."

முற்றத்துக்கு அடியில் ஒரு நிலவறைத் தொட்டி. சுமார் 20,000 கேலன் கொள்ளுமாம். நம் கணக்குக்கு 90,000 லிட்டர். நாங்கள் நின்றுகொண்டிருந்த இடமே அந்தத் தொட்டியின் கூரை.

குஜராத்தில் இதை டாங்க்கு என்கிறார்கள். நாம் அன்றாடம் சொல்லும் 'டேங்க்' என்ற சொல்லுக்கே இதுதான் வேர் என்று சொல்கிற மொழியறிஞர்கள் உண்டு. சௌராஷ்டிரக் கடற்கரையில் தோண்டினால் உப்புத்தான். மழை வருஷத்தில் மூன்று நான்கு மாசம் பெய்யும், பிறகு வானம் துடைத்துவிட்ட மாதிரி. அந்த மழையைக் குடிக்கிற தண்ணீராக மாற்றி அடுத்த ஆனி, ஆடி வரைக்கும் வைத்துக்கொள்ள வேண்டும். மழைக்கு முன்னால் மொட்டை மாடியைக் கூட்டிக் கழுவுவார்கள். முதல் மழையைத் தொட்டிக்குள் விடமாட்டார்கள், அழுக்கெல்லாம் அதோடு போகட்டும் என்று வெளியே திருப்பிவிடுவார்கள். அதன்பிறகு பெய்வது சுவரோடு பதித்த குழாய் வழியாக இறங்கிச் சுண்ணாம்பின் வழியே தொட்டிக்குப் போகும். உள்ளே வெளிச்சம் படாது, பாசி பிடிக்காது. வருஷம் முழுக்கக் கெடாது. பெரிய வீடுகளில் எல்லாம் இது உண்டு. கட்டிய பிறகு தோண்டியது இல்லை, வீட்டைக் கட்டும்போதே சேர்த்துக் கட்டியது.

இதைத் தம்பி சொல்லச் சொல்ல அம்மா முற்றத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டார்.

"எங்க ஊருணித் தண்ணி செவேர்னு சேறா இருக்கும்டி. பானை உள்பக்கம் தேத்தாங்கொட்டையைத் தேச்சு வச்சிட்டுப் படுப்போம். விடிஞ்சா மேல கண்ணாடி மாதிரி தெளிஞ்சு நிக்கும். அடியில வண்டல். ஆட்டாம மோக்கணும். நான் ஒருநா ஆட்டிட்டேன்னு எங்காத்தா அடிச்சிருக்கு."

ஊருணிக்கு நடக்கிற தூரத்தை அம்மா பலமுறை சொல்லிக் கேட்டிருக்கிறேன். இந்தத் தேத்தாங்கொட்டைக் கதையை அன்றைக்குத்தான் முதல்முதலாகக் கேட்டேன், இரண்டாயிரம் கிலோமீட்டர் தள்ளி இன்னொருவர் வீட்டு முற்றத்தில்.

எனக்குக் கண் முன்னால் வந்தது வேறொரு காட்சி. சபர்மதி ஆசிரமத்தில் ஆற்றங்கரையில் இருந்துகொண்டே ஒரு சிறிய செம்புத் தண்ணீரில் முகம் கழுவிக்கொண்டவர் என்று காந்தியைப் பற்றிச் சொல்வார்கள். ஆறு ஓடும்போது ஏன் இப்படி என்றால், அது எனக்கு மட்டும் ஓடவில்லை என்பார் என்று. இது கதையோ நடந்ததோ, அப்படி ஒருவர் இருந்திருந்தால் அவர் இந்த வீட்டுப் பிள்ளையாகத்தான் இருக்க முடியும். ஆடியில் நிரம்பிய தொட்டியை அடுத்த ஆனிவரைக்கும் ஆறு குடும்பம் பங்கிட்டுக் குடித்தாக வேண்டும். ஒரு வீட்டுக்காரர் கூட நாலு குடம் மொண்டால் இன்னொரு வீட்டுக்குக் குறையும். அளவு என்பதை அந்தக் குழந்தைக்கு யாரும் பாடமாகச் சொல்லியிருக்க வேண்டியதில்லை, காலுக்குக் கீழேயே இருந்தது.

அம்மா எழுந்து மறுபடி அடுப்படிக் கேள்விக்கே வந்தார். அப்போதுதான் எனக்கு ஒரு செய்தி நினைவுக்கு வந்து சொன்னேன். காபா காந்தி தினமும் பக்கத்துக் கோயிலில் உட்கார்ந்து சமஸ்தானத்துக் காரியங்களைப் பேசிக்கொண்டே, வீட்டுச் சமையலுக்குக் காய் நறுக்கிக் கொடுப்பாராம். காந்தியின் வாழ்க்கையை எழுதியவர்கள் இதைச் சொல்லியிருக்கிறார்கள். திவான் கையில் காய்கறி! அம்மாவுக்கு இது அன்றைக்குக் கிடைத்த எல்லாவற்றையும்விடப் பெரிய தகவல். "நறுக்கிக் குடுப்பாரா?" என்று நம்பாமல் கேட்டார். எங்கள் அப்பா ஒரு வெங்காயம் உரித்ததில்லை.

அந்தக் காய் யார் கைக்குப் போனது என்பதில்தான் எனக்கு அந்த வீட்டின் மேல் ஒரு வருத்தம். புத்லிபாய். ஜூனாகத் பக்கத்துக் கிராமத்துப் பெண். கரம்சந்துக்கு நான்காவதாக வாழ்க்கைப்பட்டவர். ரலியாத், லட்சுமிதாஸ், கர்சன்தாஸ், மோகன்தாஸ் என்று நான்கு பிள்ளைகள். கடைக்குட்டி மோகன். ஓரிடத்தில் நிற்காமல் பாதரசம் மாதிரி ஓடிக்கொண்டிருப்பான் என்று அக்காள் ரலியாத் பிற்காலத்தில் நினைவுகூர்ந்திருக்கிறார். இருட்டுக்கும் பேய்க்கும் பயந்த பிள்ளை. வீட்டு வேலைக்காரி ரம்பா, பயம் வந்தால் ராம நாமம் சொல்லு என்று கற்றுக்கொடுத்தார். அந்த அறைகளின் இருட்டைப் பார்த்தால் பயம் புரிகிறது.

புத்லிபாய் விரதக்காரி. மழைக்காலத்து நான்கு மாசம், சாதுர்மாசம், ஏதாவது ஒரு விரதம் வைத்துக்கொள்வார். ஒரு வருஷம் சூரியனைப் பார்த்த பிறகுதான் சாப்பாடு என்று சங்கல்பம். மழைக்காலத்தில் சூரியன் எங்கே வெளியே வருகிறது? பிள்ளைகள் வானத்தைப் பார்த்தபடி நிற்பார்கள். மேகம் விலகிச் சூரியன் தலைகாட்டியதும் அம்மாவைக் கூவி அழைப்பார்கள். அவர் அடுப்படி வேலையை விட்டுவிட்டு வெளியே வருவதற்குள் மேகம் மூடிவிடும். பரவாயில்லை, இன்றைக்கு நான் சாப்பிட வேண்டாம் என்று ஆண்டவன் நினைக்கிறான் போலிருக்கிறது என்று சிரித்த முகத்தோடு உள்ளே போய்விடுவாராம்.

சுயசரிதையில் இதைப் பலமுறை படித்திருக்கிறேன். படித்தபோதெல்லாம் பக்தி என்று கடந்துபோனேன். நாங்கள் போனது அதே மாசங்கள். அந்த வீட்டின் முற்றத்தில் நின்று மேலே பார்த்தால், நான்கு பக்கமும் சுவர் எழும்பி நடுவில் ஒரு துண்டு வானம்தான் தெரிகிறது. அன்றைக்கு அந்தத் துண்டு முழுக்கச் சாம்பல் நிற மேகம். சூரியன் அந்தத் துண்டுக்குள் வந்து, அப்போது மேகமும் விலகி, பிள்ளை பார்த்துக் கத்தி, அம்மா ஈரக்கையைத் துடைத்துக்கொண்டு தாழ்வாரம் தாண்டி வருவதற்குள்... எத்தனை நாள் பட்டினி கிடந்திருப்பார் என்று அங்கே நின்றால்தான் தெரிகிறது. எந்த இடத்தில் நின்று அந்தப் பிள்ளைகள் அண்ணாந்து பார்த்தார்கள் என்று எனக்குத் தெரியாது, அந்த வீட்டு முற்றமா, பின்னால் போன ராஜ்கோட் வீட்டு வாசலா. ஆனால் பின்னாளில் ஒரு தேசமே மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்த உண்ணாவிரதங்களை முதலில் பார்த்தது பசியோடு இருக்கும் அம்மாவுக்காக வானத்தைப் பார்த்த அந்தச் சின்னப் பிள்ளைதான்.

இதையும் சொல்லிவிட வேண்டும். அதே அம்மாதான், கழிப்பறை சுத்தம் செய்ய வந்த உகா என்ற மனிதரைத் தொட்டுவிட்டால் குளிக்கச் சொன்னவர். அவசரத்துக்குக் குளிக்க முடியாவிட்டால், வழியில் போகிற முஸ்லிம் ஒருவரைத் தொட்டுவிட்டு வா, தீட்டுக் கழிந்துவிடும் என்று குறுக்குவழியும் சொல்லிக்கொடுத்தார். பன்னிரண்டு வயதுகூட ஆகாத பிள்ளை, இது தப்பு என்று அம்மாவிடம் வாதாடியிருக்கிறான். 1921இல் அகமதாபாத்தில் ஒரு மாநாட்டில் காந்தியே இதைப் பகிரங்கமாகச் சொன்னார். அம்மாவை அவ்வளவு நேசித்தவர் இதை மறைக்கவில்லை. நினைவில்லமும் மறைக்கக் கூடாது. உகாவின் பெயர் ஒரு சுவரிலாவது இருக்க வேண்டும் என்று நான் நினைக்கிறேன். முற்றத்தில் தொட்டியைப் பற்றி நாலு வரி, புத்லிபாய்க்கு ஒரு பலகை, உகாவுக்கு ஒரு பலகை. சலவைக்கல் வேண்டாம், சாதாரணப் பலகையே போதும்.

வீட்டுக்குப் பின்னாலேயே, கூப்பிடு தூரத்தில், கஸ்தூர்பாவின் வீடு. நிறையப் பேர் அதைப் பார்க்காமலே திரும்பிவிடுகிறார்கள். அன்றைக்கு அங்கே நாங்கள் மூன்று பேர்தான். வியாபாரி கோகுல்தாஸ் கபாடியாவின் வீடு. திவான் வீட்டைவிட இது செழிப்பாகத்தான் தெரிந்தது, அறைகளில் வெளிச்சமும் கூட. கஸ்தூர் பிறந்ததும் அதே 1869, ஆனால் ஏப்ரலில். மாப்பிள்ளையைவிடச் சில மாசம் மூத்தவர். பதின்மூன்று வயதில் கல்யாணம். செலவு மிச்சம் என்று மோகன், அண்ணன் கர்சன்தாஸ், சித்தப்பா மகன் மூவருக்கும் ஒரே முகூர்த்தத்தில் வைத்தார்கள். ராஜ்கோட்டில் வேலை விட்டு வர நேரமாகி, ஐந்து நாள் பயணத்தை மூன்று நாளில் முடிக்கக் குதிரை வண்டியை விரட்டி வந்த காபா காந்தி வழியில் வண்டி கவிழ்ந்து, கட்டுகளோடு மணப்பந்தலில் உட்கார்ந்தார்.

"பொண்ணு எந்தப் பக்கமா நடந்து போயிருக்கும்?" அம்மா கேட்டார். ஒரு வீட்டின் பின்பக்கத்திலிருந்து இன்னொரு வீட்டின் முன்பக்கம். நூறு அடிகூட இருக்காது. "அவ்ளோதானா? இதுக்கு நான் அழுத அழுகை" என்றார். அம்மா வாழ்க்கைப்பட்டுப் போனது நாற்பது கிலோமீட்டர் தள்ளி, மதுரைச் சாலையில். ஆனால் கஸ்தூர் அந்த நூறடியோடு நிற்கவில்லை. ராஜ்கோட், டர்பன், ஜோகன்னஸ்பர்க், சபர்மதி, கடைசியில் புனே ஆகாகான் மாளிகைச் சிறை. பள்ளிக்கூட வாசல் மிதிக்காத பெண் தென்னாப்பிரிக்காவில் சிறைக்குப் போய், நம் தில்லையாடி வள்ளியம்மை போன்ற பெண்களின் காலத்தில் அவர்களைப் போலவே கடும் வேலைத் தண்டனை அனுபவித்தார். அவருடைய பிறந்த வீட்டுக்கு ஒரு நாளைக்கு எத்தனை பேர் வருகிறார்கள் என்று காவலாளியிடம் கேட்க எனக்கு மனசு வரவில்லை.

மறுநாள் ராஜ்கோட்டில் இன்னொரு வீடு. 'காபா காந்தி நோ டேலோ'. டேலோ என்றால் பெரிய வாசல் கதவு வைத்து, உள்ளே முற்றத்தைச் சுற்றி அறைகள் கட்டிய வீடு. மோகனுக்கு ஏழு வயது இருக்கும்போது குடும்பம் ராஜ்கோட்டுக்கு வந்தது. இந்த வீட்டைக் கட்டியது 1880, 81 வாக்கில். கடைத்தெருவுக்குள் புகுந்து ஒரு சந்தில் திரும்பினால் சட்டென்று வந்துவிடுகிறது. வரிசையாகப் படங்கள், அவற்றின் கீழே விளக்கங்கள். அவர் படித்த ஆல்ஃபிரட் உயர்நிலைப் பள்ளியும் 2018 முதல் அருங்காட்சியகம் ஆகியிருக்கிறது. அது புதுக் கருவிகளும் திரைகளுமாகப் பெரிய ஏற்பாடு. பிள்ளைகளைக் கூட்டிப்போக நல்ல இடம். எனக்கு மனசு டேலோவிலேயே நின்றுவிட்டது.

ஏனென்றால் காந்தியை உலுக்கிய இரண்டு விஷயங்கள் ராஜ்கோட்டில் குடும்பம் இருந்த அந்த வருஷங்களில்தான் நடந்தன. பதினைந்து வயதில், அண்ணன் பட்ட இருபத்தைந்து ரூபாய்க் கடனை அடைக்க, அண்ணன் கைக்காப்பிலிருந்தே ஒரு துண்டுத் தங்கத்தை வெட்டி எடுத்தார். பிறகு பொறுக்க முடியாமல் ஒரு தாளில் எழுதி, படுக்கையில் கிடந்த அப்பாவிடம் கொடுத்தார். அடிப்பார் என்ற பயமில்லை, அப்பா தன்னையே தண்டித்துக்கொள்வாரோ என்ற பயம். அவர் எழுந்து உட்கார்ந்து படித்தார். கண்ணீர் வழிந்து தாள் நனைந்தது. கிழித்துப்போட்டுவிட்டு மறுபடி படுத்துக்கொண்டார். ஒரு வார்த்தை பேசவில்லை.

இரண்டாவது, 1885இல் அப்பா இறந்த இரவு. கால் பிடித்துவிட்டுக்கொண்டிருந்த மகன், சித்தப்பா வந்து மாற்றிவிட்டதும், கர்ப்பமாக இருந்த மனைவியின் அறைக்குப் போனார். ஐந்தாறு நிமிஷத்தில் வேலைக்காரர் கதவைத் தட்டினார். முடிந்துவிட்டது. ஒரு அறைக்கும் இன்னொரு அறைக்கும் நடுவிலிருந்த அந்த இடைவெளியை அவர் சாகும்வரைக்கும் தாண்டவில்லை. தன் மேல் அவர் வைத்த அவ்வளவு கடுமையை, குறிப்பாக மனைவியின் வாழ்க்கையையும் சேர்த்துக் கட்டிப்போட்ட கடுமையை, என்னால் எல்லா இடத்திலும் ஏற்றுக்கொள்ள முடிந்ததில்லை. ஆனால் அந்த வீட்டின் தாழ்வாரத்தில் ஒரு கதவிலிருந்து அடுத்த கதவுக்கு நடந்து பார்த்தேன். எட்டு அடி, பத்து அடி. பதினாறு வயதுப் பையன் அந்தப் பத்தடியில் ஓடியிருப்பான். எனக்குக் கோபம் கொஞ்சம் இறங்கியது.

நான் பார்த்த முதல் காந்தி நினைவிடம் மதுரையில். ராணி மங்கம்மாள் அரண்மனையில் இருக்கும் காந்தி அருங்காட்சியகத்துக்கு ஐந்தாம் வகுப்பில் கூட்டிப்போனார்கள். 1948 ஜனவரி 30 அன்று அவர் உடுத்தியிருந்த துணி, ரத்தக் கறையோடு, அங்கே கண்ணாடிக்குள் இருக்கிறது. அந்த அறையில் யாரும் பேசவில்லை என்பது நினைவிருக்கிறது. மேலமாசி வீதியில் ஒரு வீடு உண்டு. 1921இல் அங்கே தங்கியிருந்தபோதுதான், செப்டம்பர் 22ஆம் தேதி, சட்டையையும் தொப்பியையும் விட்டுவிட்டு முழங்கால் அளவு வேட்டியோடு அவர் வெளியே வந்தார். மதுரைக்காரர்களுக்கு அது தெரிந்த விஷயம். அந்தத் தெருவில் எத்தனையோ தடவை பாத்திரம் வாங்க நடந்திருக்கிறோம். ராஜ்கோட்டிலிருந்து திரும்பிவரும் ரயிலில் அம்மா அதைத்தான் கேட்டார்: "மாசி வீதியில தங்குனப்ப யாரு சமைச்சுப் போட்டாங்களாம்?"

இன்னும் தேடிக்கொண்டிருக்கிறேன். தெரிந்தவர்கள் இருந்தால் எழுதுங்கள், அம்மாவுக்குப் படித்துக் காட்டுகிறேன்.

போர்பந்தர் போக நினைக்கிறவர்களுக்கு இரண்டு வார்த்தை. ராஜ்கோட்டிலிருந்து பேருந்தும் ரயிலும் இருக்கின்றன, காலையில் கிளம்பினால் ஒரே நாளில் போய்வந்துவிடலாம். முழங்கால் வலி உள்ளவர்கள் மேல்மாடிப் படி ஏற வேண்டாம். கஸ்தூர்பா வீட்டை விட்டுவிடாதீர்கள். மழைக்காலத்தில் போனால் நல்லது. முற்றத்தில் கொஞ்ச நேரம் நில்லுங்கள், தொட்டி எங்கே என்று அங்கே இருப்பவர்களிடம் கேளுங்கள், சந்தோஷமாகக் காட்டுவார்கள். நாங்கள் கிளம்பும்போது மறுபடி தூறல் பிடித்தது. கார் வாசலுக்கு வந்து நின்ற பிறகும் அம்மா நனைந்தபடி கூரையையே பார்த்துக்கொண்டிருந்தார், தண்ணீர் எந்தப் பக்கமாக இறங்குகிறது என்று.